மிக்ஸோபோலஸுக்கு உறவு பார்ப்பது எப்படி: ஸ்போரா, 18எஸ்ஸா, முழு ஜீனோமா?

"அக்கா, கட்லா செவுள் முழுக்க நொய்யரிசி மாதிரி வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. ஸ்லைடு போட்டுப் பார்த்துவிட்டேன், மிக்ஸோபோலஸ்தான். ஃபைலோஜெனி போடு என்கிறார் கைடு. எந்த ஜீனை சீக்வென்ஸ் பண்ணட்டும்?"

மீன்வளம் படிக்கும் தம்பி ஒருவன் போனில் கேட்டது இது. மிக்ஸோபோலஸ் என்பது மீனில் வாழும் நுண்ணிய ஒட்டுண்ணி, ஃபைலோஜெனி என்பது யார் யாருக்குச் சொந்தம் என்று காட்டும் கிளை மரம். அவனுக்கு ஏற்கெனவே மூன்று பேர் மூன்று யோசனை சொல்லியிருந்தார்கள். மூத்தவர் ஒருவர், ஸ்போரை (ஒட்டுண்ணியின் விதை போன்ற பருவம்) ஒழுங்காக அளந்து படம் வரை, அது போதும், நாங்களெல்லாம் அப்படித்தான் செய்தோம் என்றிருக்கிறார். ஹாஸ்டல் நண்பன், சிஓஐ என்ற மைட்டோகாண்ட்ரியா ஜீனைப் பண்ணு, மீனுக்கெல்லாம் அதுதானே இனம் காட்டும் பார்கோடு என்றிருக்கிறான். மாநாட்டில் சந்தித்த இன்னொருவர், 18எஸ் என்ற ரைபோசோம் ஜீனுக்கெல்லாம் இப்போது மதிப்பே இல்லை, ஜீனோம், அதாவது மொத்த டிஎன்ஏவையும் போட்டால்தான் பேப்பர் என்று பயமுறுத்தியிருக்கிறார். இந்த மூன்றில் ஒன்று பாதி சரி, ஒன்று முழுத் தவறு, ஒன்று சரிதான், ஆனால் இவனுக்கானது இல்லை. போனில் இரண்டு நிமிஷத்தில் என் பதிலைச் சொல்லி வைத்துவிட்டேன், ஏன் என்று சொல்ல நேரமில்லை. அந்த ஏன்தான் இது.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம், அது தெரியாமல் எதைத் தேர்ந்தெடுத்தாலும் குருட்டாம்போக்குதான். செவுளில் இருக்கும் அந்த வெள்ளைப் புள்ளியை ஊசி முனையால் கிழித்து, வழியும் பால் போன்ற திரவத்தில் ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து, எண்ணெய் விட்டு 100 எக்ஸில் பார்த்தால், முலாம்பழ விதை மாதிரி ஆயிரக்கணக்கான ஸ்போர்கள் மிதக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் நூறை வரிசையாக அடுக்கலாம். இரண்டு ஓடு சேர்ந்து மூடிய சிப்பி போல இருக்கும், ஒரு முனையில் பேரிக்காய் வடிவத்தில் இரண்டு துருவப் பைகள், ஒவ்வொரு பைக்குள்ளும் ஸ்பிரிங் போலச் சுருண்ட ஒரு இழை. கொஞ்சம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டுக் காத்திருந்தால் அந்த இழை சட்டென்று வெளியே பாயும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது சலிக்கவில்லை.

இந்தக் கூட்டத்துக்கு மிக்ஸோசோவா என்று பெயர். 2,200க்கு மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன, அதில் மிக்ஸோபோலஸ் என்ற ஒரே பேரினத்தில் மட்டும் 900க்கு மேல், பெரும்பாலானவை நன்னீர் மீனில் வாழ்பவை. 1841இல் யோஹன்னஸ் மியூல்லர் மீனில் இவற்றைப் பார்த்து எழுதினார், 1881இல் பியூச்லி பெயர் வைத்தார். அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் இவை ஒருசெல் உயிரிகள் என்றே பாடப்புத்தகத்தில் இருந்தன. உண்மையில் இவை விலங்குகள், அதுவும் ஜெல்லி மீனுக்கும் பவளத்துக்கும் சொந்தக்காரர்கள். துருவப் பைக்குள் சுருண்டிருக்கும் அந்த இழை, கடற்கரையில் ஜெல்லி மீன் காலில் பட்டால் சுரீரென்று கொட்டுகிறதே, அந்தக் கொட்டும் செல்லின் உறவு.

இந்த உண்மை வெளிவந்த கதையில்தான் எந்த முறையை எவ்வளவு நம்பலாம் என்பதற்கான பதிலும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மூத்தவர் சொன்ன வழி, ஸ்போரை மட்டும் நம்புவது. கண் எவ்வளவு தூரம் ஏமாறும் என்பதற்கு 1984தான் சாட்சி. ட்ரௌட் மீன் குஞ்சுகள் தன் வாலைத் தானே துரத்துவது போலச் சுழன்று சுழன்று சாகும் சுழல் நோய்க்குக் காரணம் மிக்ஸோபோலஸ் செரிப்ராலிஸ். இதன் ஸ்போரை மீனுக்குக் கொடுத்தால் மீனுக்கு நோய் வராது, எப்படித்தான் பரவுகிறது என்று பல ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். மேற்கு வர்ஜீனியாவில் வேலை செய்த கென் வுல்ஃப், மரியா மார்கிவ் என்ற இருவர்தான் விடை கண்டார்கள். ஸ்போர் சேற்றில் விழுகிறது, டியூபிஃபெக்ஸ் புழு அதைத் தின்கிறது (நம் ஊர் வண்ண மீன் கடைகளில் கப்பில் கொத்தாக நெளியுமே சிவப்புப் புழு, அந்த வகைதான்), புழுவின் குடலில் அது முற்றிலும் வேறு உருவம் எடுத்து, மூன்று கைகள் கொண்ட நங்கூரம் மாதிரி வெளியே வந்து மிதந்து, மீன் தோலில் ஒட்டிக்கொண்டு உள்ளே போகிறது. அந்த நங்கூர வடிவத்துக்கு அதுவரைக்கும் தனிப் பெயர், தனி இனம், ஏன் தனி வகுப்பே இருந்தது. ஒரே உயிரியின் இரண்டு பருவங்களை இரண்டு வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள்! எல்லாரும் மைக்ராஸ்கோப் பார்த்துத்தான் செய்தார்கள், யாரும் சோம்பேறி இல்லை. அன்றைக்கு இருவர் சொன்னதை நம்பாமல் சண்டைக்குப் போனவர்களும் நல்ல கண்ணுள்ள ஆட்கள்தான்.

சின்ன அளவில் இதே தவறு இன்றும் நடக்கிறது. ஸ்போருக்குப் பின்னால் இரண்டு வால் இருந்தால் ஹென்னெகுயா, வால் இல்லாவிட்டால் மிக்ஸோபோலஸ், துருவப் பை ஒன்றே ஒன்று என்றால் தெலோஹனெல்லஸ். பரீட்சைக்கு எழுத வசதியான பிரிவுதான். ஆனால் மரபணு வைத்துக் கிளை மரம் போட்டால் ஹென்னெகுயாக்கள் ஒரே கிளையில் சேர்வதில்லை, மிக்ஸோபோலஸ்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கின்றன. வால் பல முறை தனித்தனியாக வந்திருக்கிறது, போயும் இருக்கலாம். தெலோஹனெல்லஸும் மிக்ஸோபோலஸ் கூட்டத்துக்குள்ளேயேதான் உட்கார்ந்திருக்கிறது. அதே சமயம் கெண்டை வகை மீன்களில் இருப்பவை ஓரளவு ஒன்றாகவும், கெளுத்தி வகை மீன்களில் இருப்பவை ஓரளவு ஒன்றாகவும் சேர்கின்றன. அதாவது யார் யாருக்குச் சொந்தம் என்பதை வாலைவிட எந்த மீனில் குடியிருக்கிறது என்பது நன்றாகச் சொல்கிறது. வாலைப் பார்த்து உறவு சொல்வது, மீசை வைத்திருப்பவர்கள் எல்லாம் அண்ணன் தம்பி என்று சொல்வது போலத்தான்.

சரி, அப்படியானால் ஸ்போரைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது, இதில்தான் எனக்கும் ஜீன் பக்தர்களுக்கும் தகராறு. 1938இலேயே ராபர்ட் வெய்ல் என்ற பிரெஞ்சுக்காரர், இந்தத் துருவப் பை அப்படியே நிடேரியாவின் (ஜெல்லி மீனும் பவளமும் சேர்ந்த கூட்டம்) கொட்டும் செல் மாதிரி இருக்கிறதே, இவை அந்த வம்சமாக இருக்கலாம் என்று எழுதிவிட்டார். அதற்கும் முன்னால் 1899இல் செக் நாட்டு ஷ்டோல்ட்ஸ், புழுவில் இருக்கும் வடிவத்தைப் பார்த்து, இது பலசெல் உயிரி மாதிரி இருக்கிறது, மிக்ஸோஸ்போரிடியாவுக்கு (மீனில் இருக்கும் வடிவங்களின் பழைய பெயர்) உறவாகவும் தெரிகிறது என்றார். இரண்டும் ஜீன் இல்லாமல் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொன்னது, இரண்டும் சரி, இரண்டையும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிறகு 1994இல் 18எஸ் ஜீனை வைத்து வந்த முதல் பெரிய ஆய்வு, இவை ஒருசெல் உயிரிகள் இல்லை, விலங்குகள் என்று சரியாகச் சொன்னது. ஆனால் எந்த விலங்கு? இருபக்கச் சமச்சீர் உள்ள விலங்குகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது, அதாவது புழுக்கள் பக்கம். அடுத்த வருஷமே வேறொரு குழு ஸ்போரின் அமைப்பையும் சேர்த்துப் பார்த்து, இல்லை, இவை நிடேரியாதான் என்று சொன்னது. அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு வருஷம் இழுபறி. ஆக, 1938இல் கண் சரியாகச் சொன்னதை 1994இல் ஜீன் தவறாகச் சொல்லியிருக்கிறது.

ஏன் தவறியது என்பது முக்கியம், ஏனென்றால் தம்பியின் மரத்திலும் அதே பிசகு வரும். மிக்ஸோசோவாக்களின் ஜீன்கள் அசுர வேகத்தில் மாறுபவை. மரத்தில் ஒரு கிளை மிக நீளமாக இருந்தால், அது எங்கேயோ இருக்கும் இன்னொரு நீளக் கிளையோடு போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் உறவு இருப்பதால் இல்லை, இரண்டும் நிறைய மாறியதில் சில டிஎன்ஏ எழுத்துகள் தற்செயலாக ஒத்துப்போய்விடுவதால். கல்யாண வீட்டில் யாரையும் தெரியாத இரண்டு பேர் ஒரே மேஜையில் உட்கார்ந்துவிட்டால், பார்ப்பவர்கள் நண்பர்கள் என்று நினைப்பது மாதிரி.

இருந்தாலும் நான் 18எஸ்தான் பண்ணச் சொன்னேன். காரணம் எளிது. அவன் கேட்கும் கேள்வி, மிக்ஸோசோவா எந்த விலங்குக்குச் சொந்தம் என்பது இல்லை. கட்லா செவுளில் இருக்கும் இது, ஏற்கெனவே தெரிந்த மிக்ஸோபோலஸ்களில் யாருக்குப் பக்கத்துவீடு என்பதுதான். இந்த அளவு தூரத்துக்கு 18எஸ் நன்றாகவே வேலை செய்கிறது, எல்லாவற்றுக்கும் மேல் ஒப்பிட ஆள் இருக்கிறது. ஜீன்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் மிக்ஸோசோவா என்று போட்டால் வந்து கொட்டுவதில் பெரும்பங்கு 18எஸ். நீங்கள் எவ்வளவு அருமையான ஜீனை எடுத்தாலும், எதிரில் வைத்துப் பார்க்க இன்னொருவர் அதே ஜீனை எடுத்திருக்க வேண்டுமே.

18எஸ் மரம் எவ்வளவு நல்ல விஷயங்களைக் காட்டும் என்பதற்கு எனக்கு மிகப் பிடித்த உதாரணம் செரட்டோநோவா சாஸ்டா. அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளில், கிளாமத் ஆறு மாதிரியான இடங்களில், சால்மன் குஞ்சுகளின் குடலை அரித்துக் கொல்லும் ஒட்டுண்ணி இது. 18எஸ் மரத்தில் மிக்ஸோஸ்போரியாக்கள் (மிக்ஸோசோவாவின் பெரும்பிரிவு) பெரிய இரண்டு கூட்டமாகப் பிரிகின்றன, ஒன்றில் பெரும்பாலும் நன்னீர் ஆட்கள், இன்னொன்றில் பெரும்பாலும் கடல் ஆட்கள். சாஸ்டா தொற்றுவதோ ஆற்றில், ஆனால் மரத்தில் உட்கார்ந்திருப்பது கடல் கூட்டத்தில்! முதலில் பார்த்தவர்களுக்கு இது குழப்பமாகத்தான் இருந்திருக்கும். முடிச்சை அவிழ்ப்பது 1997இல் கண்டுபிடித்த இதன் புழு. நன்னீர்க் கூட்டத்தின் ஆட்கள் பெரும்பாலும் டியூபிஃபெக்ஸ் போன்ற ஒலிகோகீட் புழுவில் (மண்புழு வகை) வளர்பவர்கள், கடல் கூட்டம் பெரும்பாலும் பாலிகீட் புழுவில் (அதிகமும் கடலில் வாழும் வகை). சாஸ்டாவின் புழு மனயுங்கியா, நன்னீரில் வாழும் அபூர்வமான ஒரு பாலிகீட். தண்ணீரைப் பார்த்து நன்னீர், கடல் என்று பெயர் வைத்தோம், மரமோ புழுவைப் பார்த்து வளர்ந்திருக்கிறது. மீன் இந்தக் கதைக்குள் பிறகு வந்து சேர்ந்த விருந்தாளி, புழுதான் பழைய வீட்டுக்காரர் என்ற கருத்து இப்போது வலுவாக இருக்கிறது. இந்த இனம் முன்பு செரட்டோமிக்ஸா என்ற கடல் பேரினத்தில் இருந்தது. 2014இல்தான் செரட்டோநோவா என்று தனிப் பேரினம் அமைத்து இதை மாற்றினார்கள், மரம் காட்டியதும் அதற்கு ஒரு காரணம்.

18எஸ்ஸில் குறைகளும் உண்டு, அதில் சிலவற்றை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் பிசிஆரில் (டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) எல்லா யூகேரியோட்டுக்கும், அதாவது செல்லில் உட்கரு உள்ள எல்லா உயிருக்கும், பொதுவான பிரைமரை (எந்தத் துண்டைப் பெருக்குவது என்று குறிக்கும் குட்டி டிஎன்ஏ) மட்டும் போட்டேன். ஜெல்லில் 2,000 எழுத்து உயரத்தில் பட்டை அழகாக, தடிமனாக விழுந்தது. போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்கூட வைத்தேன். பத்து நாள் கழித்து சீக்வென்ஸ் வந்தது, தரவுத்தளத்தோடு ஒப்பிடும் பிளாஸ்டில் போட்டேன், கெண்டை மீன் என்றது. ஒட்டுண்ணியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பெருக்கியிருக்கிறேன். பொதுப் பிரைமரில் முதல் சுற்று ஓட்டி, அதிலிருந்து ஒரு துளி எடுத்து மிக்ஸோசோவாவுக்கே உரிய பிரைமரில் இரண்டாம் சுற்று ஓட்டினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். எனக்கு இதை முதலிலேயே யாரும் சொல்லவில்லை, அதனால் இங்கே சொல்லிவைக்கிறேன். பெரிய ஆட்களுக்கும் இது நடந்திருக்கிறது என்பதில் எனக்கொரு அல்ப ஆறுதல்: மிக்ஸோசோவாவில் உடல் அமைப்பை வகுக்கும் ஹாக்ஸ் ஜீன் இருக்கிறது, அதனால் இவை இருபக்கச் சமச்சீர் விலங்குகள்தான் என்று தொண்ணூறுகளின் இறுதியில் ஒரு முடிவு வந்தது. 2007இல் திரும்பப் பார்த்தபோது அந்த ஜீன்கள் ஒட்டுண்ணியினுடையவையே இல்லை, அது குடியிருந்த பிரையோசோவா என்ற குட்டி நீர்வாழ் விலங்கினுடையதும் பைக் மீனுடையதும் என்று தெரிந்தது.

இன்னொரு குறை நீளம். 18எஸ் முழுசாக ஏறக்குறைய 2,000 எழுத்து, சாங்கர் என்ற சீக்வென்ஸ் முறையில் ஒரு ஓட்டத்தில் நன்றாகப் படிக்க முடிவது 700, 800தான். செலவைக் குறைக்கிறேன் என்று ஒரே ஓட்டத்தோடு நிறுத்துபவர்கள் நிறைய. ஒருவர் முன்பாதியைப் போட்டிருப்பார், இன்னொருவர் அதே குளத்து மீனில் பின்பாதியைப் போட்டிருப்பார், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒப்பிட ஒரு எழுத்துகூடப் பொதுவாக இருக்காது. கூடுதலாகச் சில நூறு ரூபாய் செலவழித்து மூன்று ஓட்டமாக முழு நீளமும் எடுத்துவிடு என்பதுதான் அவனுக்கு நான் அழுத்திச் சொன்ன ஒரே விஷயம். அப்புறம், எத்தனை சதவீதம் வேறுபட்டால் தனி இனம் என்று கேட்காதீர்கள். ஒன்று, இரண்டு என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள், எல்லா மிக்ஸோபோலஸுக்கும் பொருந்தும் ஒரு கோடு கிடையாது. மீன், திசு, ஸ்போர், ஜீன் எல்லாம் சேர்ந்து சொன்னால்தான் இனம். ஸ்பெரோஸ்போரா என்ற இன்னொரு மிக்ஸோசோவாப் பேரினத்தின் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு, அவற்றின் 18எஸ்ஸில் இடையிடையே நீளமான சொருகல்கள் இருக்கும், மற்றவற்றோடு வரிசைப்படுத்தவே திணற வேண்டும். கட்லா செவுள் மிக்ஸோபோலஸுக்கு அந்தக் கவலை இல்லை.

ஹாஸ்டல் நண்பனின் சிஓஐ யோசனையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, வேண்டாம், அவ்வளவுதான். மீனுக்கும் பூச்சிக்கும் மைட்டோகாண்ட்ரியா பார்கோடு அற்புதமாக வேலை செய்கிறது, அதே பிரைமரை இதற்குப் போட்டால் மீனுடைய சிஓஐ வந்து நிற்கும். மிக்ஸோசோவாவின் மைட்டோகாண்ட்ரியா ஜீனோம் அடையாளமே தெரியாத அளவுக்கு மாறிப்போயிருக்கிறது. என்டெரோமிக்ஸம் லீயை என்ற ஒன்றில் அது எட்டுத் தனித்தனி வட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. 2020இல் இதைவிட வேடிக்கை ஒன்று வந்தது. சால்மன் தசையில் வாழும் ஹென்னெகுயா சால்மினிகோலாவில் மைட்டோகாண்ட்ரியா ஜீனோமே இல்லை, அப்படி ஒரு விலங்கு கண்டறியப்பட்டது அதுதான் முதல் முறை. ‘மூச்சே விடாத விலங்கு’ என்று செய்திகளில் போட்டார்கள், நினைவிருக்கலாம். அதே ஆய்வில் பக்கத்து உறவான மிக்ஸோபோலஸ் ஸ்குவாமாலிஸில் அது இருந்தது. ஒரு சொந்தக்காரரிடம் இருக்கிறது, இன்னொருவரிடம் இல்லவே இல்லை என்கிற ஜீனை வைத்து உறவு பார்ப்பது எப்படி?

அடுத்து 28எஸ் என்ற இன்னொரு ரைபோசோம் ஜீன், அப்புறம் இஎஃப்-2 போன்ற புரத ஜீன்கள். இவை நல்ல துணைகள். 18எஸ் மரத்தில் ஒரு கிளைப்பிரிவு உறுதியில்லாமல் ஆடினால் 28எஸ் சேர்த்தால் பல இடத்தில் நிலைத்துவிடுகிறது. பிரச்சினை, ஜீன்பேங்கில் இவற்றுக்கு ஆள் குறைவு, அதிலும் இஎஃப்-2 கைக்கு எளிதில் சிக்காது. முதலில் 18எஸ் முடியட்டும், மரம் எங்கே ஆடுகிறது என்று பார்த்துவிட்டு, நேரமும் பிரைமரும் மிச்சமிருந்தால் 28எஸ் பண்ணு என்றேன். முனைவர் பட்டம் என்றால் ஆரம்பத்திலேயே இரண்டையும் திட்டத்தில் போடச் சொல்லியிருப்பேன். இவனுக்கு இருப்பதோ எட்டு மாதம்.

ஐடிஎஸ் (ரைபோசோம் ஜீன்களுக்கு நடுவே இருக்கும் துண்டு) எடுப்பது வேறு விளையாட்டு. இது இனங்களுக்கு நடுவே உறவு பார்க்க ஆகாது, அவ்வளவு வேகமாக மாறுவதால் வரிசைப்படுத்தவே முடியாது. ஒரே இனத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் இது. திரும்பவும் சாஸ்டாவிடமே வருகிறேன்: 18எஸ்ஸில் ஒரே ஆள் மாதிரி தெரிந்தது, ஐடிஎஸ்-1 பார்த்தபோது பல மரபு வகைகளாகப் பிரிந்தது, ஒரு வகை சினூக் சால்மனைப் பிடிக்கிறது, இன்னொரு வகை கோஹோ சால்மனை. ஆற்றில் எந்த மீன் இந்த வருஷம் சாகப்போகிறது என்று கணிக்க வேண்டியவருக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாம். ஒரே மிக்ஸோபோலஸ் கட்லாவிலும் ரோகுவிலும் இருக்கிறதா, இருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறதா என்று என்றைக்காவது தம்பி கேட்டால் அன்றைக்கு ஐடிஎஸ் பக்கம் போகலாம்.

மாநாட்டுக்காரரின் ஜீனோம். இதைக் கேலி செய்ய மாட்டேன், ஏனென்றால் மிக்ஸோசோவா யார் என்ற நூற்றாண்டுச் சண்டையை முடித்து வைத்தது இந்த வழிதான். பிரையோசோவாவுக்குள் நெளியும் புடென்பிராக்கியா என்று ஒன்று உண்டு, பார்க்க அச்சு அசல் புழு, தசை எல்லாம் இருக்கும், 2002 வாக்கில் அது ஒரு மிக்ஸோசோவா என்று தெரிந்தபோது, பார்த்தீர்களா, மிக்ஸோசோவா புழு வம்சம்தான் என்று ஒரு தரப்பு துள்ளியது. 2007இல் பல புரத ஜீன்களைச் சேர்த்து மரம் போட்டபோது அந்தப் ‘புழு’வே நிடேரியாவுக்குள் போய் உட்கார்ந்தது. 2015இல் குடோவா இவாட்டாய் என்ற மிக்ஸோசோவாவின் ஜீனோமும் மற்ற தரவுகளும் வந்தபோது, ஸ்டர்ஜன் மீனின் முட்டைக்குள் வாழும் பாலிபோடியம்தான் இவர்களின் மிக நெருங்கிய சொந்தம், இரண்டு பேரும் சேர்ந்து ஜெல்லி மீன் கிளைக்குப் பக்கத்தில் என்று இடம் உறுதியானது. பாலிபோடியத்தின் ஜீனோம் 50 கோடி எழுத்துக்கு மேல், குடோவாவினுடையது வெறும் 2.25 கோடி, விலங்குகளில் மிகச் சிறியவற்றில் ஒன்று. ஒட்டுண்ணியாக வாழ்ந்து வாழ்ந்து வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுவிட்ட குடும்பம்.

பெரிய கேள்விக்குப் பெரிய கருவி. ஆனால் கட்லா செவுளிலிருந்து ஜீனோம் எடுக்கப் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சுத்தமான ஸ்போர் நிறைய வேண்டும், கூடவே மீன் டிஎன்ஏ வரும், செவுள் என்பதால் பாக்டீரியாவும் வரும், வந்ததில் எது யாருடையது என்று கணினியில் பிரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், அதற்கான சர்வர் வேண்டும். அதெல்லாம் முடிந்து ஜீனோம் கையில் கிடைத்தாலும், எதனோடு ஒப்பிடுவான்? மிக்ஸோபோலஸில் முழு ஜீனோம் உள்ளவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, அதிலும் அவனுடைய குளத்து மீனின் பக்கத்துவீட்டுக்காரர் ஒருவரும் இருக்க மாட்டார். நாலு பேர் மட்டும் உள்ள மரத்தில் ஐந்தாவதாக உட்கார்ந்து உறவு சொல்ல முடியாது.

உறவே வேண்டாம், நோய் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்கிறவருக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. 2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் ஆற்றில் ஒயிட்ஃபிஷ் என்ற வகை மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தபோது, 183 மைல் ஆற்றை மூடினார்கள், காரணம் டெட்ராகாப்சுலாய்டஸ் என்ற மிக்ஸோசோவா. அந்த மாதிரி நேரத்தில் யாரும் மரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள், அந்த இனத்துக்கென்றே செய்த பிசிஆர் ஒன்றை ஓட்டி ஆம், இல்லை என்று சொன்னால் போதும். பண்ணை வைத்திருப்பவருக்கும் அப்படித்தான்.

ஆக, தம்பிக்கு நான் சொன்னது ஸ்போரும் 18எஸ்ஸும் இரண்டுமே, ஆனால் ஒரே கட்டியிலிருந்து, அதாவது செவுளில் இருக்கும் ஒரே வெள்ளைப் புள்ளியிலிருந்து. இந்தக் கடைசி நிபந்தனைதான் முக்கியம். இந்திய மீன்களில் விவரிக்கப்பட்ட மிக்ஸோபோலஸ்களில் நிறையவற்றுக்கு இன்றைக்கும் படமும் அளவும் மட்டும்தான் இருக்கிறது, சீக்வென்ஸ் இல்லை. நீ வெறும் சீக்வென்ஸ் மட்டும் வைத்திருந்தால் அந்தப் பழைய பெயர்களில் உன்னுடையது எது என்று சொல்லவே முடியாது, புதுசு என்று நினைத்துப் பழைய ஆளுக்கே இன்னொரு பெயர் வைத்துவிடுவாய். பெயருக்கு ஸ்போர், உறவுக்கு ஜீன். ஒரு கட்டியை ஊசியால் எடுத்து இரண்டாகப் பிரி. ஒரு பாதியை உயிரோடு ஸ்லைடில் போட்டு அப்போதே படம் எடு, குறைந்தது 25 ஸ்போரை அள, ஒரு துளி இந்திய மை விட்டு வெளியே சளி உறை இருக்கிறதா பார், லூகால் அயோடின் விட்டு உள்ளே அயோடினை ஏற்கும் குமிழி தெரிகிறதா பார். மறுபாதி 95 சதவீத எத்தனாலில், நேரே ஃப்ரீசருக்கு. எத்தனாலில் போட்டதை அளக்காதே, ஸ்போர் சுருங்கிவிடும். ஃபார்மலினில் போட்டதை பிசிஆருக்கு எடுக்காதே, டிஎன்ஏ கெட்டுவிடும். ஆனால் பக்கத்துச் செவுள் இதழ் ஒன்றை ஃபார்மலினில் போட்டு வை, வெட்டிப் பார்த்தால் கட்டி இதழின் இரத்தக் குழாய்க்குள் இருக்கிறதா, இழைகளுக்கு நடுவிலா என்று தெரியும். ஹங்கேரியின் மோல்னார் செவுளுக்குள்ளேயே எந்த இடத்தில் உட்காருகிறது என்பது இனத்துக்கு இனம் மாறும் என்று காட்டியிருக்கிறார், செவுள் என்று மட்டும் எழுதினால் பாதி முகவரிதான்.

ஒரே கட்டி என்று ஏன் இவ்வளவு வற்புறுத்தினேன் என்பது அவனுக்கு நேற்றுப் புரிந்திருக்கிறது. மூன்று கட்டிகளை ஒன்றாகச் சுரண்டி ஒரே ட்யூபில் போட்டால் டிஎன்ஏ நிறையக் கிடைக்குமே என்று அவனாக யோசித்துச் செய்து, வந்த குரோமட்டோகிராமை (ஒவ்வொரு எழுத்தையும் ஒரு நிறச் சிகரமாகக் காட்டும் வரைபடம்) எனக்கு அனுப்பினான். 300ஆவது எழுத்து வரைக்கும் சிகரங்கள் கோபுரம் மாதிரி தனித்தனியாக நிற்கின்றன, அதற்குப் பிறகு ஒவ்வொன்றின் கீழும் இன்னொரு நிறத்தில் குட்டிச் சிகரம், கடைசி வரைக்கும். ஒரு செவுளில் குறைந்தது இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். ஸ்லைடுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தானாம், ஒன்றில் துருவப் பைகள் இரண்டும் சம அளவு, இன்னொன்றில் ஒன்று பெரிசு ஒன்று சிறிசு. சனிக்கிழமை மறுபடி குளத்துக்குப் போகிறான், இந்த முறை நூறு குட்டி ட்யூப் வாங்கி வைத்திருக்கிறான்.